புதுத் துணை வரும்போது: சின்சில்லாக்களைப் பழக்கும் முறை

இரண்டு சின்சில்லாக்கள் ஒரே பலகையில் ஒட்டிப் படுத்துத் தூங்கும் படத்தைப் பார்த்ததும், தனியாக இருக்கும் தம்முடைய சின்சில்லாவுக்கும் துணை வாங்கக் கிளம்புகிறவர்கள் உண்டு. வாங்கி வந்த அன்று மாலையே இரண்டையும் ஒரே கூண்டில் விட்டுவிடுவார்கள். விடிந்து பார்த்தால் கூண்டுத் தரை முழுக்க முடிக்கற்றைகள் கிடக்கும். ஒன்றின் காது கிழிந்திருக்கும். அடி வாங்கியது மேல்தட்டை விட்டு இறங்காது, தீனியும் தொடாது. இதைவிட மோசமாக முடிந்த வீடுகளும் இருக்கின்றன. வளர்ந்த இரண்டு சின்சில்லாக்கள் மோதிக்கொண்டால் ஒன்று செத்துப் போகும் அளவுக்குச் சண்டை போகும்.

இதைத் தவிர்க்க வரிசை ஒன்று இருக்கிறது. முதலில் நோய் இல்லை என்று உறுதி செய்யும் தனிமைக் காலம், அடுத்து பார்வை, பிறகு வாசனை, அதன் பின் சில நிமிடச் சந்திப்பு, கடைசியாக ஒரே கூண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை நாள் என்பதை அந்த இரண்டு விலங்குகள்தான் தீர்மானிக்கும். சில ஜோடிகள் தனிமைக் காலம் முடிந்த இரண்டாவது வாரத்திலேயே சேர்ந்துவிடும். சிலவற்றுக்குப் பல மாதங்கள் ஆகும். சில சேரவே சேராது.

கூட்டமாக வாழும், ஆனால் அந்நியரை விரட்டும்

சின்சில்லாவின் சொந்த ஊர் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. நம் வீடுகளில் வளர்வது நீண்ட வால் சின்சில்லா. காட்டில் இது இன்று சிலி நாட்டில் மட்டும் எஞ்சியிருக்கிறது. பாறை இடுக்குகளில் கூட்டங்கூட்டமாக வாழும். வேட்டையாடி ஒழிப்பதற்கு முந்தைய காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவை ஒரே மலைச்சரிவில் இருந்திருக்கின்றன. அதனால் துணையை விரும்பும் இயல்பு அதற்கு உண்டு. ஒன்றின் முடியை இன்னொன்று கோதிவிடுவதும், ஆபத்து என்றால் குரைப்பது போல ஒலி எழுப்பி மற்றவற்றை எச்சரிப்பதும் அந்தக் கூட்டு வாழ்க்கையில் வந்த பழக்கங்கள்.

அதே கூட்டு வாழ்க்கையில் வந்த இன்னொரு பழக்கம், தன் இடுக்கைத் தன்னுடையது என்று காப்பது. மலையில் தோற்றுப்போன விலங்கு ஓடிப்போய் வேறு இடுக்கில் ஒளிந்துகொள்ளும். சண்டை அதோடு முடியும். கூண்டில் ஓட வழியில்லை, எனவே சண்டை தொடரும். கூண்டில் நடக்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டில் தொடங்குகின்றன.

வளர்ப்புச் சின்சில்லாக்களின் வரலாறும் இதையே சொல்கிறது. சுரங்கப் பொறியாளரான மத்தியாஸ் சாப்மன் 1923இல் 11 சின்சில்லாக்களைச் சிலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டு வந்தார். இன்று வளர்க்கப்படுபவற்றில் பெரும்பாலானவை அவற்றின் வழிவந்தவை. பின்னாளில் ரோமத்துக்காகப் பண்ணைகள் பெருகியபோது, பெண் சின்சில்லாக்கள் ஒன்றையொன்று தாக்குவது பெரிய சிக்கலாக இருந்தது. பண்ணைக்காரர்கள் ஒவ்வொரு பெண்ணையும் தனிக் கூண்டில் வைத்து, எல்லாக் கூண்டுகளுக்கும் பின்னால் ஒரு நடைவழி அமைத்தார்கள். பெண்களின் கழுத்தில் அகலமான வளையம் மாட்டியிருக்கும். அதனால் அவை நடைவழிக்குள் நுழைய முடியாது. ஆண் மட்டும் எல்லாக் கூண்டுக்கும் போய்வரும். இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது: இந்த இனத்தில் பெண்தான் உருவில் பெரியது, அதிகாரமும் பெண்ணுக்கே. ஆண்தான் முரடாக இருக்கும் என்று நினைத்துத் திட்டமிட வேண்டாம்.

எதற்கு எது பொருந்தும்

பிறந்ததிலிருந்து சேர்ந்தே வளர்ந்த ஒரே பாலினக் குட்டிகள், தாயும் மகளும், தந்தையும் மகனும்: இவைதான் மிக எளிதான சேர்க்கைகள். இனி வாங்கப் போகிறவர் என்றால், ஒன்றை வாங்கி ஓராண்டு கழித்து இன்னொன்றைத் தேடாமல், முதலிலேயே கூடப்பிறந்த இரண்டை வாங்குவது நல்லது. இந்த அத்தியாயத்தின் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

ஏற்கெனவே வளர்ந்த ஒன்று வீட்டில் இருந்தால், அதே பாலினத்தில், அமைதியான சுபாவமுள்ள ஒன்றைத் தேடுங்கள். இரண்டு ஆண்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனால் அதே அறையில் பெண் சின்சில்லா இருக்கக் கூடாது. பெண்ணின் வாசனை வந்தாலே, நாள்பட்ட நண்பர்களும் மோதிக்கொள்வார்கள். இரண்டு பெண்கள் சேரும், நேரம் கூடுதலாகும். பெண்ணுக்குச் சுமார் 30 முதல் 50 நாளுக்கு ஒருமுறை இனச்சேர்க்கைப் பருவம் வரும். மெழுகு போன்ற சிறு உருண்டை கூண்டில் கிடப்பது அதன் அடையாளம். அந்த நாட்களில் எரிச்சலாக இருக்கும். சந்திப்புகளைத் தள்ளிப்போடுங்கள்.

வளர்ந்ததோடு குட்டியைச் சேர்ப்பது எளிது என்பது பாதி உண்மை. குட்டியைப் பெரியது பெரும்பாலும் போட்டியாளராக நினைப்பதில்லை. ஆனால் நினைத்துவிட்டால் குட்டியால் ஒரு கடியைக்கூடத் தாங்க முடியாது. தாய்ப்பால் மறந்து, தானாகத் தின்னப் பழகிய பிறகே, அதாவது 8 வாரத்துக்குப் பிறகே, குட்டியை வாங்குங்கள். சந்திப்புகளை இன்னும் கவனமாக நடத்துங்கள்.

ஆணும் பெண்ணும் என்றால், ஆணுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை முடிந்திருக்க வேண்டும். சிகிச்சைக்குப் பின்னும் குறைந்தது 6 வாரம் பிரித்தே வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் விந்து சில வாரங்கள் உடலில் தங்கியிருக்கும். சிகிச்சை இல்லாமல் சேர்த்தால் 111 நாளில் குட்டிகள் வரும். குட்டி போட்ட ஓரிரு நாளிலேயே தாய் மறுபடி சினையாகிவிடும். சில நிறங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு: வெல்வெட் நிறத்தோடு வெல்வெட், வெள்ளையோடு வெள்ளை சேர்ந்தால் உருவாகும் கருக்களில் ஒரு பகுதி பிழைக்காது. விஷயம் தெரிந்து செய்ய வேண்டிய வேலை இனப்பெருக்கம். துணை சேர்க்கப் போய் அதில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பாலினத்தை நீங்களே பாருங்கள்

விற்பவர் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம். பெண்ணுக்கும் சிறுநீர்த் துவாரம் கூம்பு போலத் துருத்திக்கொண்டிருப்பதால் ஆண் என்று தவறாகச் சொல்லிவிடுவார்கள். பார்க்க வேண்டியது கூம்பை அல்ல, கூம்புக்கும் ஆசனவாய்க்கும் உள்ள இடைவெளியை. ஆணில் இரண்டுக்கும் நடுவே தோல் தெளிவாகத் தெரியும். பெண்ணில் இரண்டும் ஒட்டினாற்போல இருக்கும்; நடுவில் யோனித் துவாரம் மெல்லிய சவ்வால் மூடியிருக்கும். சந்தேகம் இருந்தால், முயல், கினிப்பன்றி போன்ற சிறு விலங்குகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்யுங்கள்.

வாங்கும் முன் வீட்டில் இருக்க வேண்டியவை

1. இரண்டாவது முழுக் கூண்டு. தற்காலிகப் பெட்டி போதாது. இணக்கம் கூடாமல் போனால் புதியது ஆயுள் முழுக்க வாழப் போகும் இடம் அதுதான். நல்ல பராமரிப்பில் சின்சில்லா 10 முதல் 20 ஆண்டு வரை வாழும்.

2. குளிர்ச்சியான இரண்டு அறைகள். 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனாலே சின்சில்லாவுக்கு ஆபத்து தொடங்குகிறது. காற்றில் ஈரப்பதம் கூடினால் இன்னும் விரைவாக. சென்னை, மதுரை போன்ற ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி ஏசி இல்லாமல் இதை வளர்க்க முடியாது. தனிமைக் காலத்தில் இரண்டு அறையில் ஏசி ஓட வேண்டும். மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதற்கும் இரண்டு இடத்திலும் ஏற்பாடு வேண்டும். இதற்கு வசதி இல்லை என்றால் இரண்டாவது சின்சில்லா வேண்டாம்.

3. கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு.

4. எல்லாமே இரண்டு: தண்ணீர்க் குப்பி, உலர்புல் கூடை, தீனிக் கிண்ணம், மறைவிடம்.

5. தடித்த துண்டு, தடித்த கையுறை, ஒரு முறம். முறம் எதற்கு என்பது பின்னால் வரும்.

கட்டம் 1: தனிமைக் காலம்

புதியது வந்ததும் நேராக வேறு அறைக்குப் போக வேண்டும். மூன்று நான்கு வாரம் அங்கேயே இருக்கட்டும். படர்தாமரை என்று நாம் சொல்லும் பூஞ்சைத் தொற்று சின்சில்லாக்களில் அடிக்கடி வருவது. மூக்கு, காது, பாதம் ஆகியவற்றைச் சுற்றி முடி உதிர்ந்து செதில் தெரியும். அது மற்ற சின்சில்லாவுக்கும் வரும், உங்களுக்கும் வரும். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம். எனவே முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் காட்டி, எச்சத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தக் காலத்தில் பழையதன் வேலைகளை முதலில் முடியுங்கள், புதியதன் வேலையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குளியல் தூள், கிண்ணம், கடிகட்டை எதையும் மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். புதியதை வாரம் இருமுறை எடை போட்டுக் குறித்துவையுங்கள். அதன் இயல்பான எடை எது என்பது தெரிந்தால்தான் பின்னால் சரிவு வரும்போது கண்டுபிடிக்க முடியும். புது வீட்டின் ஒலிகளுக்கும் உங்கள் கைக்கும் அது பழகுவதற்கான காலமும் இதுதான். மனிதரைக் கண்டாலே மிரளும் சின்சில்லாவை இன்னொரு சின்சில்லாவோடு பழக்க முடியாது.

கட்டம் 2: அருகருகே கூண்டுகள்

நோய் இல்லை என்று உறுதியானதும் இரண்டு கூண்டுகளையும் ஒரே அறைக்குக் கொண்டு வாருங்கள். முதலில் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். அமைதியாக இருந்தால் சில நாளில் நான்கு விரற்கடை அளவுக்கு நெருக்கலாம். அதற்கு மேல் நெருக்க வேண்டாம். கம்பி வழியே நீட்டிய கால்விரலை மற்றது கடித்துத் துண்டாக்கிவிடும்.

தொடக்கத்தில் நீங்கள் பார்க்கப் போவது பகையைத்தான். பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும். பல்லை நறநறவென்று கடிக்கும். பெண் என்றால் குறி வைத்துச் சிறுநீரைப் பீய்ச்சும். இது உங்கள் மேலும் படலாம். கவலைப்பட வேண்டாம், எல்லையை அறிவிக்கும் வழி அது. நாளடைவில் இவை குறைய வேண்டும். குறைந்த பின் வரும் நல்ல அடையாளங்கள் மூன்று: இரண்டும் ஒரே நேரத்தில் உலர்புல் தின்னும், ஒன்று கம்பியருகே வந்தால் மற்றது விலகாது, பகலில் இரண்டும் அடுத்தவர் பக்கத்துச் சுவரோரம் படுத்துத் தூங்கும். மூன்றாவது அடையாளம் தெரியும் வரை அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

கட்டம் 3: வாசனைப் பரிமாற்றம்

சின்சில்லா ஒன்றையொன்று அடையாளம் காண்பது மூக்கால்தான். ஆகவே இரண்டின் வாசனையும் ஒன்றாகும் வரை பொருட்களை மாற்றிக்கொண்டே இருங்கள். எளிதானது தூள் குளியல். ஒன்று குளித்து முடித்த கிண்ணத்தை அப்படியே மற்றதற்குக் கொடுங்கள். அடுத்த முறை வரிசையை மாற்றுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம் போதும். கூடினால் தோல் வறண்டு போகும்.

அடுத்து மறைவிடங்களையும் கடிகட்டைகளையும் மாற்றுங்கள். அதையும் ஏற்றுக்கொண்ட பிறகு, கூண்டைச் சுத்தம் செய்யாமல் விலங்குகளையே இடம் மாற்றுங்கள். இது அதன் வீட்டில், அது இதன் வீட்டில். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இப்படி மாற்றினால், எந்தக் கூண்டும் தனக்கு மட்டுமே சொந்தம் என்ற எண்ணம் தளரும். இடம் மாறிய முதல் இரவில் நன்றாகத் தின்றதா என்று பாருங்கள். தின்னவில்லை என்றால் பழைய இடத்துக்கே திருப்பிவிட்டு ஒரு வாரம் பொறுங்கள்.

கட்டம் 4: பொது இடத்தில் சந்திப்பு

இரண்டுமே இதுவரை விளையாடாத இடமாக இருக்க வேண்டும். பலரும் குளியலறையைத் தேர்ந்தெடுப்பார்கள். தரை முழுக்க உலர்ந்திருந்தால், வாளி, கழிப்பறை மூடி, வடிகால் எல்லாம் மூடியிருந்தால் அது சரியான இடம்தான். அல்லது அறையின் நடுவே உயரமான தடுப்பு வேலி வையுங்கள். சின்சில்லா ஒரு மீட்டருக்கு மேல் சாதாரணமாகத் தாவும் என்பதை நினைவில் வையுங்கள். இடம் மிகப் பெரிதாக வேண்டாம். துரத்தல் வேகம் பிடிக்கும். மூலைகளில் இருபுறமும் திறந்த அட்டைப் பெட்டிகளைப் போடுங்கள். ஒரே வாசல் உள்ள பெட்டியில் மாட்டிக்கொண்டது எதிர்த்துக் கடிக்கும்.

நேரம் அந்தி சாய்ந்த பிறகு, அவை தாமாக விழிக்கும் பொழுது. அறை குளிர்ந்திருக்கட்டும், துரத்தலில் உடல் சூடேறும். காது சிவந்து, வாயால் மூச்சு வாங்கினால் உடனே நிறுத்துங்கள். நடுவில் பெரிய குளியல் கிண்ணத்தையும் உலர்புல்லையும் வையுங்கள். இருவர் இருப்பது நல்லது. முதல் சந்திப்பு 10 நிமிடம் போதும். அமைதியாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். சண்டை வரும் வரை காத்திருந்து முடிக்காதீர்கள். தினமும் ஒருமுறை, மெல்ல மெல்ல ஒரு மணி நேரம் வரை நீட்டுங்கள்.

என்ன நடந்தால் என்ன செய்வது?

தொடரலாம்: மோந்து பார்ப்பது; ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் தன் வேலையைப் பார்ப்பது; ஒரே கிண்ணத்தில் குளிப்பது; மெல்லிய கூவல் ஒலி; கழுத்தையும் காதோரத்தையும் கோதிவிடுவது.

கவனமாகப் பார்த்தபடி தொடரலாம்: சிறு துரத்தல், மேலே ஏறுதல் (இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள் இடையேயும் நடக்கும், அதிகாரத்தைக் காட்டும் செயல்), ஒரு கற்றை முடி உதிர்வது, சிறுநீர் பீய்ச்சுவது, அடங்கிப் போகும் விலங்கு முனகுவது. சில நிமிடத்தில் தணிய வேண்டும். தணியாமல் ஒன்றே மற்றதை விடாமல் துரத்தினால் அன்றைக்கு அதோடு போதும்.

உடனே பிரிக்க வேண்டும்: அலறல்; இரண்டும் பந்து போலச் சுருண்டு உருளுவது; கொத்துக் கொத்தாக முடி பறப்பது; ஒரு சொட்டு ரத்தம்; ஒன்று மூலையில் ஒடுங்கி அசையாமல் இருப்பது. கடைசியில் சொன்னதைப் பலர் அமைதி என்று எண்ணிவிடுகிறார்கள். அது பயத்தில் உறைந்த நிலை.

பிரிப்பதற்குக் கையை விடாதீர்கள். கடி உங்கள் விரலில் விழும், விரலை உதறும்போது விலங்கு அடிபடும். முறத்தை இரண்டுக்கும் நடுவே செருகுங்கள். ஒன்றின் மேல் துண்டைப் போட்டு மூடித் தூக்குங்கள். முடியைப் பிடித்து இழுக்கவே கூடாது. எதிரியிடமிருந்து தப்பிக்க முடியை உதிர்த்துவிட்டு ஓடும் இயல்பு சின்சில்லாவுக்கு உண்டு. கையில் கற்றை மட்டும் மிஞ்சும். முடி சில மாதத்தில் வளர்ந்துவிடும், ஆனால் உங்கள் கையின் மேல் வந்த பயம் போக நாளாகும்.

ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் இரண்டையும் சோதியுங்கள். அடர்ந்த முடி காயத்தை மறைத்துவிடும். வாயால் ஊதி முடியை விலக்கித் தோலைப் பாருங்கள்: முதுகின் பின்பகுதி, காது, விரல், பிறப்புறுப்பு. சிறு பல்தடம்கூடச் சில நாளில் சீழ்க்கட்டி ஆகும். காயம் கண்டால் மருத்துவரிடம் போங்கள். ஆறிய பின் கட்டம் 2இலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

கட்டம் 5: ஒரே கூண்டு

தொடர்ந்து பல சந்திப்புகள் சண்டையின்றி முடிந்து, இரண்டும் ஒட்டிப் படுத்து ஓய்வெடுக்கவும் தொடங்கினால் குடியேற்றலாம். கூண்டைக் கழற்றி, வினிகர் கலந்த நீரால் துடைத்து, முழுக்க உலரவிட்டுப் பலகைகளை வேறு இடங்களில் மாட்டுங்கள். பழையது தன் இடம் என்று அடையாளம் காண எதுவும் மிஞ்சக் கூடாது. இரண்டு வாசல் உள்ள மறைவிடங்கள் இரண்டு. குப்பி, புல் கூடை, கிண்ணம் எல்லாம் எதிரெதிர் மூலைகளில். தீனிக்குப் போகும் வழியில் அதிகாரம் செய்பவள் உட்கார்ந்தாலும், மற்றது சுற்றிப் போக வேறு பலகை இருக்க வேண்டும். ஓட்டச் சக்கரத்தை முதல் இரண்டு வாரம் கழற்றிவையுங்கள். முதல் சண்டை பெரும்பாலும் அதற்காகத்தான் வரும்.

மறுநாள் விடுமுறையாக இருக்கும் மாலையில் தொடங்குங்கள். இரவு முழுவதும் விழித்திருப்பவை அவை. முதல் இரவில் நீங்களும் அதே அறையில் படுத்துக்கொள்வது நல்லது. வழக்கமான சலசலப்புக்கு எழ வேண்டாம். அலறல் கேட்டால் எழுங்கள்.

முதல் மாதம் தராசுதான் சாட்சி

கண்ணுக்கு நட்பாகத் தெரிவது தராசில் வேறாகத் தெரியலாம். அடங்கிப் போனது சத்தமில்லாமல் பட்டினி கிடக்கும். முதல் வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை ஒரே நேரத்தில் எடை போடுங்கள். சில கிராம் ஏறி இறங்குவது இயல்பு. 500 கிராம் உள்ளது 450க்கு வந்துவிட்டால், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்தால், பிரித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு நாள் முழுக்கத் தின்னாமலோ எச்சம் போடாமலோ இருந்தால் அன்றே போக வேண்டும்; சின்சில்லாவின் குடல் வேலையை நிறுத்தினால் மீட்பது கடினம்.

முடி ஓரிடத்தில் மட்டும் கத்தரித்தாற்போலக் குட்டையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று மற்றதன் முடியைக் கடித்து மேய்கிறது என்று பொருள். இடநெருக்கடியும் மன அழுத்தமும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

சிறு கூண்டு முறை பற்றி

இரண்டையும் சிறிய கம்பிக் கூண்டில் ஓரிரவு நெருக்கி வைத்தால் வேறு வழியின்றி ஒத்துப்போகும் என்று அனுபவசாலிகள் சிலர் சொல்வார்கள். சில ஜோடிகளுக்கு இது பலன் தந்திருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் இதை முதல் வழியாக நான் பரிந்துரைக்க மாட்டேன். அடங்கிக் கிடப்பதும் இணங்கியிருப்பதும் வெளியே ஒன்றுபோலத் தெரியும். சந்திப்புகளில் சண்டை இல்லை, ஆனால் நெருக்கமும் வரவில்லை என்ற நிலையில், நீங்கள் பக்கத்திலேயே இருந்து, குளிர்ந்த அறையில், தண்ணீரும் புல்லும் வைத்து முயன்று பார்க்கலாம். குட்டிகளுக்கும், ஒருமுறை ரத்தம் வரக் கடித்தவற்றுக்கும் இது கூடவே கூடாது.

மூக்கில் வெனிலா எசன்ஸ் தடவும் தந்திரமும் வேண்டாம். வாசனை சில மணி நேரத்தில் போய்விடும்; போனதும் அந்நியனோடு ஒரே கூண்டில் இருப்பது இரண்டுக்கும் தெரிந்துவிடும்.

சில தனிச் சூழல்கள்

துணையை இழந்தது: எதனால் இறந்தது என்று தெரியாமல் புதியதைக் கொண்டு வராதீர்கள். தொற்று என்றால் எஞ்சியதும் சுமந்துகொண்டிருக்கலாம். இது ஒழுங்காகத் தின்னத் தொடங்கி, எடை நிலையானதும் தேடுங்கள். வயதானது என்றால் துள்ளும் இளசைவிட நடுத்தர வயது அமைதியான துணை பொருந்தும்.

மூன்றாவது வரவு: சேர்ந்து வாழும் இரண்டின் நடுவே மூன்றாவதை விட்டால் பழைய நட்பு உடையும் ஆபத்து உண்டு. மூன்றாவதை முதலில் ஒவ்வொன்றோடும் தனித்தனியே சந்திக்க வையுங்கள், பிறகு மூன்றையும். மூன்று தனிக் கூண்டுகள் வைக்க இடம் இல்லை என்றால் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியது: மருந்து வாசனையோடு வருவதைத் துணை அடையாளம் காணாமல் தாக்கலாம். முடிந்தவரை இரண்டையும் ஒரே கேரியரில் கொண்டு போய் வாருங்கள். தனியாகத் தங்க நேர்ந்தால் திரும்பியதும் அருகருகே கூண்டில் ஓரிரு நாள் வைத்து, குளியல் கிண்ணத்தைப் பகிரவிட்டு, பிறகு சேர்த்துவையுங்கள்.

வேற்றினத் துணை: முயலும் கினிப்பன்றியும் சின்சில்லாவுக்குத் துணையாகாது. தீனி வேறு, விழிக்கும் நேரம் வேறு. முயலின் ஓர் உதை சின்சில்லாவின் எலும்பை முறிக்கும். முயலின் மூச்சுப் பாதையில் சாதாரணமாக வாழும் சில கிருமிகள் இவற்றுக்கு நோய் தரும். நாய், பூனை எவ்வளவு சாதுவாக இருந்தாலும் கூண்டுக்கு வெளியே சந்திப்பு வேண்டாம்.

எப்போது நிறுத்துவது

இரண்டாவது முறையும் ரத்தம் வந்தால் நிறுத்துங்கள். மூன்று நான்கு மாதம் முயன்றும் சந்திப்பு தோறும் ஒன்று ஒடுங்கியே இருந்தால் நிறுத்துங்கள். ஒரே அறையில் அடுத்தடுத்த கூண்டில், ஒன்றின் ஒலியைக் கேட்டு, ஒன்றின் வாசனையை மோந்து வாழ்வதும் சின்சில்லாவுக்குத் துணைதான். பல வீடுகளில் அவை கம்பிக்கு இருபுறமும் முதுகோடு முதுகாகத் தூங்கி நல்ல எடையோடு இருக்கின்றன.

சேர்ந்துவிட்டன என்றாலும் இரண்டாவது கூண்டை விற்றுவிடாதீர்கள். ஆண்டுகள் கழித்தும் நட்பு முறியலாம். நோய் வந்தால் பிரிக்க வேண்டியிருக்கும். கூண்டைத் துடைத்து, பூட்டி, எட்டும் இடத்தில் வையுங்கள்.